கருமாதி முடிந்த பிறகு

தோட்டத்து டிஸ்பென்சரி வாசலில் மருந்துக்கு நிற்கும் பெண்கள் யாரும் "மனசு சரியில்லை" என்று சொல்வதில்லை. "நெஞ்ச அடைக்குது", "தல கிறுகிறுங்குது", "ராவெல்லாம் தூக்கம் புடிக்கல" என்பார்கள். பிரசர் பார்ப்பார்கள், கூடியிருக்காது. பெனடோல் கார்ட்டில் பாதியும் விட்டமின் மாத்திரை கொஞ்சமும் கடதாசி உறையில் கைக்கு வரும். இரண்டு வாரம் கழித்து அதே பெண், அதே வரிசை, அதே உறை. கொடுத்தவர் மேல் குற்றமில்லை. சொன்ன நோவுக்கு அவர் மருந்து கொடுத்துவிட்டார். வாங்கியவருக்கும் தன் நோவுக்கு வேறு பெயர் இருப்பது தெரியாது. இருவருக்கும் நடுவில் கேட்கப்படாமல் கிடப்பது ஒரே கேள்விதான்: இது எந்த நாளிலிருந்து? லயத்துக்குப் பின்னால் மண்மேடு இறங்கிய நாளிலிருந்தா? இந்தக் கேள்வியைக் கேட்க ஆளே இல்லை என்றும் சொல்ல முடியாது. அனர்த்தம் நடந்த முதல் வாரத்தில் அதைக் கேட்பதற்கென்றே கூட்டம் வருகிறது. கேட்க வேண்டிய காலம் வரும்போதுதான் ஒருவரையும் காணோம். மலையகத்தில் மனவடுவுக்கான உதவி தோற்றுப்போவதற்குப் பெரிய காரணம் நாட்காட்டியை நாம் தலைகீழாகப் பிடித்திருப்பதுதான் என்பது என் கருத்து.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்களை மண் மூடியபோது நாடே அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. அந்த மலை ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்த கதை அதற்குப் பிறகுதான் வெளியே பேசப்பட்டது. கமராக்கள் வந்தன, அமைச்சர்கள் வந்தார்கள், உலர் உணவு ஏற்றிய லொறிகள் வந்தன. தப்பியவர்களில் பலர் தேயிலைத் தொழிற்சாலையொன்றில் குடியிருத்தப்பட்டார்கள். புது வீட்டுச் சாவி கைக்கு வர ஏறக்குறைய இரண்டு வருடம் பிடித்தது. அந்த இரண்டு வருடத்தில் கமரா எத்தனை தடவை வந்தது என்று எண்ணுவதற்கு ஒரு கை விரல்களே அதிகம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி நாடு முழுவதும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களே அதிகம் அடி வாங்கியவை; அங்கே ஆளைக் கொன்றது பெரும்பாலும் மண். ஒவ்வொரு தடவையும் உதவியின் ஒழுங்கு ஒன்றாகவே இருக்கிறது. முதல் வாரத்தில் பதாகை கட்டிய வாகனம், பிள்ளைகளுக்குக் கலர் பென்சில், பெரியவர்களை வட்டமாக உட்காரவைத்து "நடந்ததைச் சொல்லுங்கள், பாரம் குறையும்" என்று ஒரு நாள் அமர்வு, குழுப் படம். மூன்றாம் மாதத்தில், முகாமாக இருந்த பாடசாலைக் கட்டிடத்தைப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுத்தாகிவிடும். வாகனம் வேறு மாவட்டத்தில் நிற்கும்.

இந்த ஒழுங்கு ஏன் பிழை என்பதற்கு ஆதாரம் நிறைய உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், உலக மக்களில் ஏறத்தாழ 70 சதவீதமானோர் வாழ்நாளில் ஒரு தடவையாவது உயிரை உலுக்கும் சம்பவம் ஒன்றைச் சந்திக்கிறார்கள். அவர்களில் நெருக்கீட்டுக்குப் பின்னரான மனவடு நோய் என்று மருத்துவம் பெயரிட்டிருக்கும் நிலைக்குப் போகிறவர்கள் 5.6 சதவீதம், போருக்குள் வாழ்ந்தவர்களில் அது 15.3 சதவீதமாகிறது. எப்படிப் பார்த்தாலும் பெரும்பான்மை தானாகவே மீள்கிறது. முதல் நாட்களில் கை நடுங்குவதும், சோறு இறங்காததும், கண்ணை மூடினால் அதே காட்சி வருவதும் நோய் அல்ல. உயிர் பிழைத்த உடம்பு செய்கிற சரியான வேலை அது. அந்த நேரத்தில் ஆளைப் பிடித்து உட்காரவைத்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லவைத்தால் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறார்கள். பிரித்தானியாவில் தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு அப்படியான அமர்வு ஒன்றைக் கொடுத்து, மற்றவர்களைச் சும்மா விட்டார்கள். 1997இல் வெளியான முடிவு இது: 13 மாதம் கழித்து, பேசவைக்கப்பட்டவர்களில் 26 சதவீதமானோருக்கு மனவடு நோய், சும்மா விடப்பட்டவர்களில் 9 சதவீதமானோருக்கு. தொடக்கத்திலேயே இரு தரப்புக்கும் காயத்தின் கடுமை சரிசமமாக இல்லை என்பதால் இந்த ஒரு ஆய்வை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாதுதான். ஆனால் பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களும் ஒற்றை அமர்வு நோயைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யக்கூடும் என்றே சொன்னார்கள். தூக்க மாத்திரையும் அப்படித்தான். கலவரத்தை அடக்கும் டயஸிபாம் வகை மாத்திரைகளை முதல் மாதத்தில் இதற்கென்று கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் வழிகாட்டியது.

அப்படியானால் முதல் மாதம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா? இல்லை. அந்த மாதத்துக்குரிய வேலை வேறு. குடும்பத்தைப் பிரிக்காமல் ஒரே கூரையின் கீழ் வைப்பது, பெண்கள் இருட்டில் நடக்காமல் போகக்கூடிய தூரத்தில் கழிப்பறை, இரவில் ஒரு விளக்கு, காணாமல் போனவர் பற்றி ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது பொய்யில்லாத செய்தி, சொல்ல வருகிறவருக்குக் காது, சொல்ல விரும்பாதவருக்கு அமைதி. உளவியல் முதலுதவி என்று இதற்குப் பெயர். இதற்கு மனநல வைத்தியர் தேவையில்லை. கிராம உத்தியோகத்தரும் தோட்டத்துத் தலைவரும் சின்னப் பயிற்சியோடு செய்யலாம். சுனாமிக்குப் பின் உதவ வந்தவர்களின் நெரிசலிலும் குழப்பத்திலும் இலங்கை படித்த பாடங்கள் 2007இல் வெளியான சர்வதேச வழிகாட்டியில் ஏறின. நம்முடைய அனுபவத்தில் உலகம் படித்ததை நாம் மறந்துவிட்டோம் போலிருக்கிறது.

மாதம் ஒன்று கடந்த பிறகுதான் பார்வையைக் கூர்மையாக்க வேண்டும். மனவடு நோய் என்று சொல்வதற்கே மருத்துவம் ஒரு மாதம் காத்திருக்கச் சொல்கிறது. அந்த நேரத்துக்குள் பக்கத்துக் காம்பராக்காரர்கள் மலைக்குப் போகத் தொடங்கியிருப்பார்கள், பிள்ளைகள் கிரிக்கெட் ஆடத் தொடங்கியிருப்பார்கள்; சிலர் மட்டும் அதே காலையிலேயே நின்றுகொண்டிருப்பார்கள். சாதாரண நினைவுக்குத் திகதியும் இடமும் உண்டு: அது போன வருடம், அந்த லயத்தில், முடிந்துபோனது. உயிர்ப்பயத்தில் பதிந்த நினைவுக்கு அந்த முத்திரை சரியாக விழுவதில்லை. ஈர மண் வாசனை, தகரத்தில் கல் விழும் சத்தம், தூரத்தில் கொழுந்து லொறி உறுமுவது என்று ஏதாவது ஒன்று தொட்டால் போதும். நடந்ததை நினைப்பதாகத் தோன்றாது, இப்போது நடப்பதாகவே உடம்பு எழுந்து ஓடப் பார்க்கும். அதனால் அந்த வாசனையையும் சத்தத்தையும் அந்தப் பாதையையும் தவிர்க்கத் தொடங்குவார்கள். தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வேர்விடும். ஆண்கள் டிஸ்பென்சரிக்கும் வருவதில்லை. அவர்கள் போகும் இடம் தவறணை. குடித்தால் தூக்கம் வருகிறது என்பது உண்மைதான்; நடுச்சாமத்தில் அது பாதியில் அறுந்து, விழிப்பு இன்னும் கெட்டதாக வருகிறது என்பதும் உண்மை. "அவன் குடிகாரனாயிட்டான்" என்று லயம் சொல்லும்போது அது எந்த மாதத்திலிருந்து என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

மலையகத்தில் இதைக் கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. வெளியிலிருந்து வரும் வினாத்தாள்கள் அதைப் பிடிப்பதில்லை. இங்கே மழைக்குப் பயப்படுவது நியாயமான பயம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் முதல் கட்ட எச்சரிக்கை, 100 என்றால் இரண்டாம் கட்டம், 150 என்றால் வெளியேற வேண்டும் என்பது மண்சரிவுக்கான கணக்கு. தென்மேற்குப் பருவம் தொடங்கிவிட்டால் நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துக்கு இவை அறிமுகமில்லாத எண்கள் அல்ல. அந்த மழையில் விழித்திருக்கிறவருக்கு வருத்தம் ஒன்றுமில்லை. தூங்குகிறவருக்குத்தான் புத்தி சொல்ல வேண்டும். "மழை பெய்தால் பயப்படுகிறீர்களா?" என்று கேட்டால் லயமே "ஆமாம்" என்றுதான் சொல்லும், தாளில் எல்லாரும் நோயாளி ஆகிவிடுவார்கள். கேட்க வேண்டியது மாசி மாதத்தைப் பற்றி. வானத்தில் ஒரு மேகமில்லை, பனி மட்டும் விழுகிறது, அந்த இரவிலும் ஒருவர் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டே படுக்கிறார் என்றால், பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்ப முடியாமல் கையைப் பிடித்துக்கொண்டே இருக்கிறார் என்றால், அவர்தான் நாம் தேடும் ஆள். இந்த வேறுபாட்டைத் தாளை வைத்துக்கொண்டு முதல் வாரத்தில் யாராலும் செய்ய முடியாது; மழைவிட்ட மாதம் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

துக்கத்தையும் நோயையும் பிரித்துப் பார்ப்பதும் காலத்தின் வேலைதான். சாவுக்கு நம் சனத்திடம் ஒரு ஒழுங்கு உண்டு: ஒப்பாரி, எடுப்பு, பால் தெளிப்பு, பதினாறாம் நாள் கருமாதி. காமன் கூத்தில் எரிந்த காமனுக்காக ரதி அழும்போது ஊரே சேர்ந்து அழுவதைப் பார்த்தவர்களுக்கு, அழுவதற்கு இங்கே யாரும் வெளியாள் சொல்லித்தர வேண்டியதில்லை என்பது தெரியும். ஆனால் இந்த ஒழுங்குக்கு ஒரு உடல் வேண்டும். மீரியபெத்தையில் மண்ணுக்குள் போனவர்களில் பலர் வெளியே எடுக்கப்படவே இல்லை. உடல் கிடைக்காத சாவுக்குக் கருமாதி வைத்தால் துரோகம் போலிருக்கும், வைக்காவிட்டால் ஆத்மா அலையும் என்ற நினைப்பு. இந்த நடுவழியில் நிற்பவரின் துக்கம் காலத்தோடு கரைவதில்லை. இன்னொரு கூட்டமும் கணக்கில் வராமலே போய்விடுகிறது: உறவை இழக்காமல், கண்ணால் மட்டும் கண்டவர்கள். 1974 டிசம்பர் 4 இரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றி வந்த விமானம் ஏழு கன்னி மலையில் மோதி 191 பேரும் செத்துப்போனார்கள். நோர்வூட் பக்கத்தில் வயதானவர்கள் இன்றைக்கும் கையை நீட்டிக் காட்டும் மலை அது. அந்த மலையடித் தோட்டங்களில் இருந்தவர்களுக்கு அது உறவுத் துக்கமல்ல. ஆனால் கண்டது கண்டதுதான். மண்சரிவிலும் முதலில் மண்வெட்டியோடு ஓடுகிறவன் பக்கத்து டிவிசன்காரன். அவன் வீடு இடியவில்லை, உறவு சாகவில்லை. ஆகவே எந்தப் பட்டியலிலும் அவன் பெயர் இல்லை.

சரி, கண்டுபிடித்த பிறகு என்ன செய்ய முடியும்? நிறையச் செய்ய முடியும் என்பதுதான் நல்ல செய்தி. மனவடுவை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, கண் அசைவோடு நினைவைக் கையாளும் முறை என்று சோதித்துப் பார்த்த வழிகள் பல உண்டு. நமக்குப் பொருந்தி வரக்கூடியதாக எனக்குப் படுவது ஜெர்மன் உளவியலாளர்களான ஷாவர், நொய்னர், எல்பர்ட் ஆகியோர் உருவாக்கிய கதைசொல்லல் வழியான சிகிச்சை. அதற்கு வேண்டிய சாமான் ஒரு கயிறு, கொஞ்சம் கல், கொஞ்சம் பூ. கயிற்றை நிலத்தில் போட வேண்டும். ஒரு முனை பிறப்பு. நல்லது நடந்த இடத்தில் பூ, கெட்டது நடந்த இடத்தில் கல். பெரிய கெடுதலுக்குப் பெரிய கல். கயிற்றின் மறுமுனையைச் சுருட்டியபடியே விட்டுவிடுவார்கள், அது இனி வரப்போவது. அடுத்தடுத்த சந்திப்புகளில் பிறப்பிலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, ஒவ்வொரு கல்லருகிலும் நின்று, அன்றைக்கு என்ன பார்த்தீர்கள், என்ன கேட்டீர்கள், உடம்பு என்ன செய்தது, இப்போது சொல்லும்போது என்ன செய்கிறது என்று மெதுவாகச் சொல்லவைப்பார்கள். கேட்கிறவர் எழுதிக்கொள்வார், அடுத்த தடவை வாசித்துக் காட்டுவார். கடைசியில் முழு வாழ்க்கைக் கதையும் எழுத்தில் அவர் கைக்கே வரும். திகதியில்லாமல் அலைந்த நினைவுக்கு இப்படித்தான் திகதி கிடைக்கிறது. ஒற்றை அமர்வில் கொட்டவைப்பதற்கும் இதற்கும் உள்ள தூரம், கட்டியை அமுக்கிப் பார்ப்பதற்கும் சத்திரசிகிச்சைக்கும் உள்ள தூரம்.

இந்த முறை இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளிடமே சோதிக்கப்பட்டிருக்கிறது. சுனாமிக்குப் பின் வடகிழக்கில் முகாமிலிருந்த 31 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு இந்தச் சிகிச்சையையும் மறுபகுதிக்குத் தியானமும் மூச்சுப் பயிற்சியும் ஆறு அமர்வுகளாகக் கொடுத்தார்கள். செய்தவர்கள் வெளிநாட்டு நிபுணர்கள் அல்ல, பயிற்சி பெற்ற உள்ளூர் உளவளத்துணையாளர்கள். ஆறு மாதம் கழித்து முதல் பகுதியில் 81 சதவீதமும் இரண்டாவதில் 71 சதவீதமும் தேறியிருந்தார்கள். 2009இல் வெளியான இந்த முடிவைக் கொண்டாடுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எந்தச் சிகிச்சையும் பெறாத மூன்றாவது பகுதி ஒன்று அதில் இல்லை. சுனாமி முடிந்து சில வாரங்களிலேயே தொடங்கியதால், இவர்களில் எத்தனை பேரைச் சிகிச்சை தேற்றியது, எத்தனை பேரைக் காலம் தேற்றியது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அதே நாட்களில் மூன்று கரையோர இடங்களில் பிள்ளைகளைப் பார்த்த இன்னொரு ஆய்வு 14 முதல் 39 சதவீதமானோருக்கு மனவடு நோய் என்றது. ஆனால் மூன்று நான்கு வாரத்தில் எடுத்த கணக்கு எப்போதும் வீங்கித்தான் இருக்கும். வீங்கிய கணக்குக்கு ஏற்றாற்போல் பணம் வரும். வீக்கம் வற்றும்போது பணமும் வற்றிப்போகும். மிச்சமிருப்பவரே உண்மையான நோயாளி.

இங்கே ஒரு பலமான ஆட்சேபம் வரும். இந்தச் சனம் எதைத்தான் தாங்கவில்லை? 1948இல் குடியுரிமை போனது. இந்தியாவோடு செய்த 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு என்று கணக்கெழுதப்பட்டார்கள்; அவர்களை ஏற்றிப்போன ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் விழுந்தது. 1977, 1983 என்று இனக்கலவரத்தில் அடி விழுந்த வருடங்களும் உண்டு. அதையெல்லாம் தாங்கிய சனத்துக்கு மேற்கத்திய நோய்ப் பெயர் எதற்கு, துயரத்தையெல்லாம் மருத்துவமாக்குவது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பிரித்தானிய மனநல மருத்துவர் டெரெக் சமர்ஃபீல்ட் 1990களிலிருந்தே இதைச் சொல்லிவருகிறார். இதில் பாதிக்கு மேல் நான் உடன்படுகிறேன். யாழ்ப்பாணத்தில் 399 பாடசாலைப் பிள்ளைகளை வைத்துச் செய்து 2012இல் வெளியான ஆய்வு இதற்குச் சாட்சி: வகுப்பறையில் எல்லாருக்குமாகக் கொடுத்த 15 அமர்வுத் திட்டத்தில் முரட்டுத்தனம் போன்ற சிலவற்றில் நன்மை கிடைத்தது, ஆனால் பெண் பிள்ளைகளின் மனவடு அறிகுறிகள் திட்டம் கிடைக்காதவர்களைவிட மோசமாகவே இருந்தன. எல்லாருக்கும் கொடுப்பது இரக்கம் போலத் தெரிந்தாலும் அது ஆபத்தில்லாத இரக்கமல்ல. ஆனால் இந்த ஆட்சேபத்தின் மறுபாதியை நான் ஏற்கமாட்டேன். "தாங்கினார்கள்" என்று நாம் சொல்வது தப்பி வந்து பேசியவர்களைப் பார்த்துத்தான். தவறணையில் முடிந்தவனையும், "கிறுக்குப் புடிச்சவ" என்று ஒதுக்கிவைக்கப்பட்டவளையும், புல்லெண்ணெய் குடித்தவரையும் அந்தக் கணக்கில் நாம் சேர்க்கவில்லை. பத்துப் பேரில் ஒன்பது பேரின் வைராக்கியத்தைக் காட்டிப் பத்தாவது ஆளுக்கு வைத்தியம் மறுக்க முடியாது.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் நேரானது: முதலில் வீடு, பிறகு உளவளத்துணை. 2017 மே 12 அன்று இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி நோர்வூட் மைதானத்தில் நின்று மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார். வருடங்கள் போயின, லயங்கள் இன்னும் நிற்கின்றன. சரியும் மலைக்குக் கீழே குடியிருப்பவரிடம் போய் மூச்சை உள்ளே இழுத்து மெதுவாக விடச் சொல்வது கிட்டத்தட்ட மோசடி. அந்தப் பயம் அவருக்கு வேண்டும். அது போய்விட்டால் அடுத்த சிவப்பு எச்சரிக்கைக்கு அவர் எழுந்து ஓடமாட்டார். ஆபத்தான லயத்தில் ஆளை அமைதியாக இருக்கவைக்கும் கருவியாக உளவளத்துணையைப் பயன்படுத்தினால் அதை எதிர்க்கும் முதல் ஆளாக நான் இருப்பேன். ஆனால் வீடு வந்தால் வருத்தம் போய்விடும் என்பதும் தவறு. புது வீட்டிலும் மழை கூரையில்தான் விழும். அதைவிட முக்கியம், வீடு என்பது நடந்து வாங்க வேண்டிய ஒன்று: பிரதேச செயலகத்துக்கு நாலு தடவை, தோட்டத்து ஒபிசுக்கு மூன்று தடவை, மரணச் சான்றிதழ், பெயர் எழுத்துப்பிழைத் திருத்தம். இரவெல்லாம் விழித்தவரும், அந்த நாளைப் பற்றிய கேள்வியைக் கேட்டாலே எழுந்து போய்விடுகிறவரும் இந்த ஓட்டத்தில் பின்தங்குகிறார்கள். நோயைப் பார்க்காமல் வீட்டுப் பட்டியல் போட்டால், அதிகம் உடைந்தவர் பெயர் கடைசியில்தான் இருக்கும்.

கோயிலும் கோடாங்கியும் இருக்கும்போது வேறு என்ன என்று கேட்பவர்களுக்கு, அவர்களை விரட்ட வேண்டியதில்லை என்பதே என் பதில். பயந்த பிள்ளைக்குத் திருநீறு போட்டு மந்திரிப்பது அந்த வீட்டுக்கு ஒரு பிடிமானத்தைக் கொடுக்கிறது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் வேலை செய்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் மந்திரம் ஓதுவதையும் மூச்சுப் பயிற்சியையும் சடங்கையும் மருத்துவத்தோடு சேர்த்தே பயன்படுத்தினார். மேலே சொன்ன சுனாமி முகாம் ஆய்வில் தியானம் பெற்ற பிள்ளைகள் பெரிதாகப் பின்தங்கவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். பேய் பிடித்தது என்று சொல்வதில் ஒரு வசதிகூட இருக்கிறது, குற்றம் ஆளின் மேல் விழாது. ஒரு தடவை, இரண்டு தடவை பார்த்தும் தேறாதவரை "இது என் கைக்கு மிஞ்சினது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லும் கோடாங்கி நமக்குக் கிடைத்தால் அவர் எந்த வெளிநாட்டு நிபுணரையும்விடப் பெரிய சொத்து.

யார் செய்வது, ஆள் எங்கே என்ற கேள்விக்கு வருவோம். நுவரெலியா தமிழர் பெரும்பான்மையாக வாழும் மாவட்டம். மனநலத்தில் மொழிதான் மருந்து, மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்துக் கயிறும் கல்லும் போட முடியாது. மோடி நோர்வூட்டில் பேசிய அன்றே திறந்துவைத்தது டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையின் 150 கட்டில் கட்டிடத்தை. கட்டிடம் வந்தது. தமிழில் ஒரு மணி நேரம் ஒருவரோடு உட்காரக்கூடிய ஆளுக்குக் கட்டிடம் மட்டும் போதாது. ஆனாலும் இதற்கெல்லாம் விசேட வைத்தியர்களை எதிர்பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை. பெஷாவரில் 346 பேரை வைத்து நடந்து 2016இல் வெளியான ஆய்வில், மருத்துவப் படிப்பில்லாத சாதாரண ஊழியர்கள் சின்னப் பயிற்சியும் ஒழுங்கான மேற்பார்வையும் பெற்று, ஐந்து சந்திப்புகளில் மனப்பதற்றத்தையும் மனச்சோர்வையும் கணிசமாகக் குறைத்தார்கள். சுனாமிக்குப் பிறகு கிழக்கில் சமூக உதவி உத்தியோகத்தர்கள் என்று உள்ளூர் ஆட்களைப் பயிற்றுவித்து மனநலச் சேவையோடு இணைத்த அனுபவம் நம் சுகாதார அமைச்சிடமே இருக்கிறது. மூன்று மாதப் பயிற்சி பெற்ற உளநல மருத்துவ அலுவலர் என்ற பதவியும் நாட்டில் உண்டு. 1926 என்ற இலவச தொலைபேசி இலக்கமும் உண்டு. ஆனால் தன் வருத்தத்தை நெஞ்சடைப்பு என்று நினைத்திருப்பவர் மனநல இலக்கத்துக்கு ஏன் அழைக்கப்போகிறார்? அவரைத் தேடித்தான் போக வேண்டும்.

தேடிப் போவதற்கு மூன்று தடவை போதும்: ஒரு மாதம் முடிந்து, நான்காம் மாதத்தில், பிறகு அடுத்த மழைக்காலம் தொடங்குவதற்கு முன். பாதிக்கப்பட்ட லயத்துக்கு மட்டும் போனால் போதாது, மண்வெட்டியோடு ஓடி வந்த டிவிசனுக்கும் போக வேண்டும். தேறாதவருக்கு மட்டும் சிகிச்சை, மற்றவர்களை விட்டுவிடலாம். இதில் கம்பனிகளுக்கும் ஒரு பங்கு இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் எழுத்தோடு நிற்கும். தோட்டத்தில் சம்பளம் என்பது பேர். பெரட்டில் நின்று, மலைக்குப் போய், நிறை கொடுத்தால்தான் அன்றைக்குப் பேர் விழும். கிளினிக்குக்கு ஆறு தடவை போக வேண்டும் என்றால் ஆறு பேர் போய்விடும். அதற்கு எந்தக் குடும்பத்தலைவியும் போகமாட்டாள், போகச் சொல்ல நமக்கும் வாய் வராது. சிகிச்சை நாளுக்குப் பேர் போட வேண்டும் என்ற ஒரு வரியைத் தொழிற்சங்கங்கள் அடுத்த பேச்சுவார்த்தையில் வைக்கலாம். சம்பள உயர்வுக்கு நடக்கும் இழுபறியோடு பார்த்தால் இது சில்லறைச் செலவு.

போகிற ஆளும் ஏற்கெனவே லயத்துக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார். குடும்பநல உத்தியோகத்தர் மாதம் தவறாமல் வாசலில் வந்து நிற்கிறார், தராசைத் தொங்கவிட்டுப் பிள்ளையின் நிறை பார்க்கிறார், தடுப்பூசித் திகதி கேட்கிறார், கர்ப்பிணியின் காலில் வீக்கம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கிறார். அவரிடம் ஒரு கொப்பி இருக்கிறது. அதில் பிள்ளையின் நிறைக்கு ஒரு கோடு போட்ட கட்டம் உண்டு, அம்மாவின் இரத்தத்துக்கு ஒரு கட்டம் உண்டு. மழையில்லாத இரவில் அம்மா தூங்கினாளா என்று எழுத இடமில்லை.